கண்ணை மூடினால் முகம் வராத மகனுக்கு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு நான் அப்போதே பதில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நீயும் சென்னை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தாய். சப்பாத்தியைச் சுருட்டி டப்பாவில் வைத்துக் கொடுத்து, "போயிட்டு வாப்பா, யோசிச்சு சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். போனில் பேசலாம் என்றால் நீ ஆபீசில் இருப்பாய். முக்கியமான இடத்தில் "அப்புறம் கூப்பிடறேம்மா" என்பாய். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவள் நான். குறுக்கே யாரும் பேசாவிட்டால்தான் எனக்கு வரிசையாகச் சொல்ல வரும். அதனால் எழுதுகிறேன். இதில் ஒளிக்க எதுவும் இல்லை. படித்துவிட்டு சுகந்தியிடமும் கொடு. வேறு யார் படித்தாலும் சரிதான். நம்மைப் போல இன்னும் எத்தனை பேர், நமக்கு என்ன இல்லை என்று தெரியாமலே ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் நடந்துகொண்டிருக்கிறார்களோ.

அன்று நடந்ததை ஒருமுறை திரும்பச் சொல்கிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீ பார்த்துக்கொள். சுகந்தியும் அவளுடைய அண்ணியும் துறையூரிலிருந்து வந்திருந்தார்கள். நீங்கள் மூவரும் முக்கொம்புக்குப் போனீர்கள். திரும்பி வந்தவன் சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறை வாசலில் நின்றாய். "அம்மா, கல்யாணத்த நிறுத்திடலாமா?" என்றாய். தோசைக்கல்லில் சப்பாத்தி இருந்தது.

"ஏன்டா, அந்தப் பொண்ணு ஏதாவது சொல்லுச்சா?"

"அவங்க ஒண்ணும் சொல்லலம்மா. நான்தான் சொல்லிட்டேன்."

மதகுப் பாலத்தில் நின்றபோது அவள் விளையாட்டாகக் கேட்டாளாம்: "சென்னைல இருக்கறப்ப கண்ண மூடினா நான் தெரியறேனா?" நீ, "இல்லீங்க, இருட்டாத்தான் இருக்கும்" என்று சொல்லியிருக்கிறாய். அவள் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. "நான் வேலை பாக்கற மருந்துக்கடையில மருந்து எடுத்துக் குடுக்கறப்பகூட நீங்க முன்னாடி வந்து நிக்கிறீங்க" என்றாள், அதன் பிறகு பஸ் ஏறும்வரை அதிகம் பேசவில்லை. இதைச் சொல்லிவிட்டு நீ போனை எடுத்து எதையோ தேடிப் படித்து, மனதில் உருவமே தோன்றாதவர்கள் இருக்கிறார்கள் என்றும், அது நோயில்லை என்றும், அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றும் எனக்குக் காட்டினாய். அந்தப் பெயர் என் வாயில் நுழையவில்லை. அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் எனக்கு முக்கியம். "அப்பா முகமும் வர்றதில்லம்மா. காரியத்தப்ப நான் அழக்கூட இல்ல. எனக்குள்ள யாருமே நிக்க மாட்டேங்கறாங்க. இப்படிப்பட்டவன் ஒருத்தியக் கட்டிட்டு வந்து என்ன பண்றது? அது ஏமாத்து வேல இல்லையா?" என்றாய். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு அப்பா தெரியறாராம்மா?" என்று கேட்டாய். "அடுப்ப அணைச்சிட்டு வரேன்" என்று நான் திரும்பிக்கொண்டேன். அடுப்பு ஏற்கெனவே அணைந்திருந்தது.

பதில் இதுதான். இல்லை, எனக்கும் தெரியமாட்டார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஒன்றாக இருந்த மனிதரின் முகத்தை நான் ஒரு நாளும் கண்ணை மூடிக்கொண்டு பார்த்ததில்லை. உன் முகத்தையும் பார்த்ததில்லை. நீ தெருமுனை திரும்பியதும் உன் முகம் போய்விடும். இது எனக்கு மட்டும் நடக்கிற ஒன்று என்று நான் நினைத்ததே இல்லை. எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு இந்த வயதுவரை வந்துவிட்டேன். உன் கேள்வியால்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. அதனால்தான் அன்று வாய் வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் எட்டாம் வகுப்பிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தமிழம்மா ஒருநாள், "எல்லாரும் கண்ண மூடிக்குங்க. காவிரிக்கரைக்குப் போங்க. என்ன தெரியுதுன்னு பாருங்க. அப்புறம் எழுதுங்க" என்றார். நான் ஒரு கண்ணைத் திறந்து மற்றவர்களைப் பார்த்தேன். வகுப்பே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. பக்கத்துப் பெண் லேசாகச் சிரித்துக்கொண்டுகூட இருந்தாள். டீச்சர் சொன்னதற்காக எல்லாரும் நன்றாக நடிக்கிறார்கள் என்று நினைத்து நானும் கண்ணை மூடிக்கொண்டேன். அன்று என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை. சாயங்காலம் நேராக அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய் உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் வார்த்தையாக்கிக்கொண்டு வந்தேன். துணி துவைக்கிறவர்கள் கல்லில் அடிப்பதற்கு முன் ஒரு சுற்றுச் சுற்றுவது, பரிகாரம் செய்ய வந்தவர் ஈர வேட்டியோடு செருப்பைத் தேடுவது, எல்லாம். மறுநாள் என் கட்டுரையைத்தான் படித்துக் காட்டினார்கள். "பாத்தீங்களா, இவ மனசுல எவ்வளவு தெளிவா பாத்திருக்கா" என்று தமிழம்மா சொன்னபோது நான் மறுக்கவில்லை. எப்போதும் ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்த பெண் நான். ஆனால் மலை, மாளிகை, கதாநாயகியின் கூந்தல் என்று வர்ணனை நீண்டால் பக்கத்தைத் தள்ளிவிடுவேன். யார் என்ன சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும். நீயும் அப்படித்தானே படித்தாய்? உன்னைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன்.

"கண்ணுக்குள்ளேயே நிக்குது", "கண் முன்னாடி வந்துட்டுப் போச்சு" என்றெல்லாம் ஜனங்கள் சொல்வதை நான் பேச்சுக்குச் சொல்வது என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். உயிர் போகிற மாதிரி வலிக்கிறது என்கிறோம், உயிரா போய்விடுகிறது? அதைப் போல. எனவே திங்கட்கிழமை காலையில் நான் ஒரு சோதனை செய்தேன். சித்திரை வீதியில் பூ விற்கும் தனத்தைத் தெரியுமல்லவா, அவளிடம் முல்லை வாங்கிக்கொண்டே கேட்டேன்.

"தனம், உன் வீட்டுக்காரர் இப்ப எங்க?"

"அது எங்க போகும்? சத்திரம் பஸ் ஸ்டாண்டுல லோடு இறக்கிட்டிருக்கும்."

"கண்ண மூடி அவர நெனச்சுக்கோ. ஏதாவது தெரியுதா?"

"என்ன டீச்சர், காலங்காத்தால?" என்றாள். இருந்தாலும் கண்ணை மூடினாள். "ம். கட்டம் போட்ட லுங்கி தெரியுது. காதுல சொருகின பீடி தெரியுது. பீடி நாத்தங்கூட வருது."

"நெஜமாவே தெரியுதா? இல்ல, சும்மா சொல்றியா?"

"இதுல என்னா டீச்சர் பொய் சொல்றதுக்கு இருக்கு? அந்த மூஞ்சிய சும்மா குடுத்தாலும் யாரு வாங்குவா?" என்று சொல்லிக் கண்ணைத் திறந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன், உங்களுக்குத் தெரியாதா?" என்று மெதுவாகக் கேட்டாள். முல்லையில் ஒரு முழம் கூடுதலாக அளந்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உன் அப்பா நினைவு வந்தது. அவர் ரயில் ஓட்டினவர். பாதி மாதம் வீட்டில் இருக்கமாட்டார். விடிந்து வீடு திரும்பும்போதெல்லாம், பையை வைப்பதற்கு முன்பே, "ராத்திரி முழுக்க உன் முகந்தான் டீச்சரம்மா, முன்னாடி கண்ணாடில தெரிஞ்சிட்டே வந்துது" என்பார். "போதும், மொதல்ல பல்ல வெளக்குங்க" என்பேன். எனக்கு அது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் சினிமாத்தனமான பேச்சு என்றுதான் நினைத்தேன். பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நானும் சில நாள், "எனக்கும் உங்க ஞாபகந்தான், கண்ணுலயே நின்னீங்க" என்று சொல்லியிருக்கிறேன். ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் சந்தோஷப்படுத்தப் பேசிக்கொள்கிறோம் என்று எனக்கு ஒரு எண்ணம். தனம் கண்ணை மூடி அந்தக் கட்டம் போட்ட லுங்கியைப் பார்த்தாளே, அதற்குப் பிறகுதான் தெரிகிறது, அவர் கதை விடவில்லை. அத்தனை வருடமும், விருத்தாசலம் பக்கம், ஈரோடு பக்கம், எங்கோ ஒரு இருட்டில் வண்டி ஓட்டிக்கொண்டு போனவர் முன்னால் என் முகம் உண்மையாகவே இருந்திருக்கிறது. அவர் போய் நாலு வருடம் கழித்து அது எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. திங்கட்கிழமை முழுக்க நான் சமைக்கவில்லை. வருத்தத்தால் இல்லை. என்ன செய்வதென்று தெரியாத ஒரு சந்தோஷம்.

நீ ஏமாற்று வேலை என்கிறாயே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. நாங்கள் யாரையும் ஏமாற்றவில்லை, நன்றாகத்தான் வாழ்ந்தோம். ஏமாற்றியது என்றால் "எனக்கும்தான்" என்ற அந்த ஒரு வார்த்தைதான். நீ அதைச் சொல்லவில்லை. முக்கொம்பில் வைத்து ஒரு பெண் ஆசையாகக் கேட்கும்போது இல்லை என்று சொல்லியிருக்கிறாய். அங்கே உன் இடத்தில் நான் இருந்திருந்தால் ஆமாம் என்று சொல்லிவிட்டு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

உனக்கு நினைவிருக்காது, உனக்கு அப்போது ஐந்து வயது. ஆடிப்பெருக்கு. உன் அப்பா டூட்டியில் இருந்தார். உன்னைக் கூட்டிக்கொண்டு அம்மா மண்டபத்துக்குப் போனேன். காப்பரிசித் தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன், அவ்வளவுதான், உன்னைக் காணவில்லை. போலீஸ் பந்தலில் மைக் வைத்திருந்தவரிடம் ஓடினேன். "அடையாளம் சொல்லுங்கம்மா. என்ன கலர் சட்ட?" என்றார். எனக்கு ஒன்றும் வரவில்லை. காலையில் பொத்தான் போட்டுவிட்டவள் நான்தான். ஆனால் அதை நான் வார்த்தையாகச் சொல்லி வைத்துக்கொள்ளவில்லை, அதனால் சட்டை போய்விட்டது. "முகம் எப்படி இருக்கும்? வட்டமா, நீளமா?" அதுவும் வரவில்லை. பின்னாலிருந்து ஒரு அம்மா, "பெத்த புள்ள என்ன சட்ட போட்டிருக்குன்னு தெரியாதா? என்னதான் பாத்தாங்களோ" என்றார். அந்த வார்த்தை என்னைக் குத்தியது. ஆனால் குத்திய வேகத்தில்தான் எனக்கு என்ன தெரியும் என்பது வந்தது. "சார், அவன் தொலைஞ்சா அழமாட்டான். தண்ணிகிட்ட போகமாட்டான், பயம். ஏதாவது சக்கரம் சுத்தற எடத்துக்குத்தான் போவான். சத்தம் வர்ற மிஷின் எங்க இருக்கு?" என்று கேட்டேன். அவர் ஒரு வினாடி என்னைப் பார்த்துவிட்டு, வெளியே கரும்பு ஜூஸ் வண்டிகள் நிற்கும் பக்கம் கை காட்டினார். மூன்றாவது வண்டியில் நீ நின்றுகொண்டிருந்தாய். சலங்கை கட்டிய அந்தச் சக்கரத்தைக் காட்டி, "இது சுத்தினாத்தான் அது சுத்தும், அது சுத்தினா இது சுத்தாது" என்று ஜூஸ்காரருக்கே விளக்கிக்கொண்டிருந்தாய். "உங்க பையனாம்மா? நல்லவேள, என் வண்டியக் கழட்டறதுக்குள்ள வந்தீங்க" என்றார்.

உன் அப்பா வந்ததும் அழுதேன். முகம் வரவில்லை என்று சொல்லவில்லை; அதைச் சொல்லத் தெரியவில்லை. சட்டை கலர் மறந்துவிட்டது என்றுதான் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எங்க வேலையில ஒரு பழக்கம் இருக்கு. சிக்னலப் பாத்தா மனசுக்குள்ள வச்சுக்கக் கூடாது, வாய்விட்டுச் சொல்லணும். நான் பச்சைன்னா அசிஸ்டென்ட்டும் பச்சைன்னு திருப்பிச் சொல்லணும். பாத்தது மறந்தாலும் சொன்னது மறக்காது. நீயும் அப்படிச் சொல்லிப் பழகு" என்றார். மறுநாளிலிருந்துதான் நீ வாசல் தாண்டும்போதெல்லாம் "நீலச் சட்டை, கறுப்பு டவுசர்" என்று நான் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். நீயும் திருப்பிச் சொல்வாய். காலேஜுக்கு துவாக்குடி பஸ் ஏறப் போகும்போதுகூட விடவில்லை, உன் சிநேகிதர்கள் முன்னால் உனக்கு மானம் போயிற்று. அம்மாவுக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பாய். கிறுக்கு இல்லை. படம் நிற்காத மனதில் உன்னை நிறுத்தி வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அது.

கோயிலிலும் அப்படித்தான். பெருமாள் சன்னிதியில் நமக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம், அதற்குள் "நகருங்க, நகருங்க" என்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்திலும் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். இவ்வளவு தூரம் வரிசையில் வந்துவிட்டு எதற்குக் கண்ணை மூடுகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. நான் திறந்தே வைத்திருப்பேன். "ஏம்மா, பெருமாள இப்படி மொறைக்கிற, அவரு என்ன ஹோம்வொர்க் பண்ணாம வந்துட்டாரா?" என்று உன் அப்பா காதில் சொல்வார். அவர்கள் பெருமாளை மனதுக்குள் கொண்டுபோய்ப் பார்க்கிறார்கள் என்பது இப்போது தெரிகிறது. எனக்கு அங்கே இருக்கும்வரைதான். அதனால் நான் நன்றாகப் பார்த்துவிடுகிறேன்.

நமக்கு இல்லாதது எல்லாருக்கும் வரம் என்றும் நினைக்காதே. ஒரு லெவல் கிராசிங்கில் உன் அப்பா வண்டிக்குக் குறுக்கே ஒரு ஆள் வந்துவிட்டார். உன் அப்பா மேல் தப்பில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனாலும் பல மாதம் அவரால் சரியாகத் தூங்க முடியவில்லை. "கண்ண மூடினா அதேதான் வருது" என்பார். "அதையே நெனச்சிட்டிருந்தா எப்படிங்க? வேற எதையாவது நெனைங்க" என்று நான் சொன்னேன். அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நீயும் நானும் படுத்தால் தூங்கிவிடுகிற ஆட்கள். அவர் நினைக்கவில்லை, அது தானாக வந்து நின்றது என்பது எனக்குத் தெரியாது. அதனால் உனக்கு நான் சொல்லும் புத்தி ஒன்று உண்டென்றால் இதுதான். சுகந்தி ஏதாவது ஒன்றைச் சொல்லி, அது கண்ணை விட்டுப் போகவில்லை என்றால், நம்பு. மறந்துவிடு என்று சொல்லாதே. விளக்கைப் போட்டுப் பக்கத்தில் உட்கார். என்ன தெரிகிறது என்று கேள். நான் கேட்கவே இல்லை.

அப்பா உனக்குள் நிற்கவில்லை என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருந்தபோது கொள்ளிடம் பாலத்தில் ஒரு கூட்ஸ் போயிற்று. உன் அழுகைக் குரலுக்கு நடுவிலேயே நீ தலையைச் சாய்த்து, "காலி வண்டி" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாய். நீ சொன்னதை நீயே கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். நீ கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், பாலத்தில் போகிற வண்டியில் லோடு இருக்கிறதா இல்லையா என்பது உனக்கு எதற்கு? உன் அப்பா சாப்பிடும்போது சோற்றுக் கையோடு நிறுத்திச் சொல்வாரே, அது. அவர் உன் கண்ணுக்குள் இல்லை, உன் காதில் உட்கார்ந்திருக்கிறார். காரியத்தன்று நீ ஏன் அழவில்லை என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீ கல் இல்லை. கல்லுக்குக் காது கேட்காது.

இனி முக்கியமான செய்தி. நேற்று சுகந்தி வந்திருந்தாள். தனியாக. காலையில் கதவைத் திறந்தால் கையில் ஒரு பை மக்காச்சோளக் கதிரோடு நிற்கிறாள். "லீவு போட்டுட்டு வந்தேன் அத்தை. வீட்ல பிளவுஸ் தைக்கக் குடுக்கப் போறேன்னு சொல்லியிருக்கேன், நீங்களும் அப்படியே சொல்லிடுங்க" என்றாள். தண்ணீர் குடித்து முடித்ததும் நேராகக் கேட்டாள்: "அவருக்கு என்னப் புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிடலாம்ல? அதுக்குப் போய் இருட்டா இருக்குங்கறாரே."

நான் எனக்கும் அப்படித்தான் என்றேன். அவள் நம்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்ன நல்லாப் பாருங்க. பாத்தாச்சா? இப்பக் கண்ண மூடுங்க. நான் தெரியல?"

"இல்லம்மா."

"மூக்குகூடவா?"

"மூக்குகூட."

"சரி, தெறங்க. இப்ப?"

"இப்ப நல்லாத் தெரியற."

மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள். பிறகு, "அப்ப என்னப் பத்தி அவருக்கு என்னதான் அத்தை ஞாபகம் இருக்கும்?" என்றாள். பெண் பார்த்துவிட்டுத் துறையூரிலிருந்து காரில் திரும்பும்போது, பொண்ணு எப்படிடா என்று உன் மாமா துருவித் துருவிக் கேட்டாரே, அப்போது நீ சொன்னதை அப்படியே சொன்னேன். வெளியில் நின்ற கார் டிரைவருக்குக் காபி போயிற்றா என்று அவள் கேட்டதை. அவள் அப்பா இருமப் போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்து தண்ணீரை நகர்த்தி வைத்ததை. சிரிப்பதற்கு முன் மூச்சை இழுப்பதை. சமைக்கத் தெரியுமா என்று உன் மாமா கேட்டதற்கு, "தெரியும், ஆனா தெனமும் தெரியாது" என்று அவள் சொன்ன பதிலை. அவள் சோளக்கதிரின் நாரை உரித்துக்கொண்டே கேட்டாள். அப்புறம், "அன்னிக்கு நான் என்ன புடவ கட்டியிருந்தேன்னு கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டேன். புடவைதான் கட்டியிருந்தாங்கன்னான்."

"நல்லவேள. அது எங்க அண்ணி புடவ அத்தை. எனக்குப் புடிக்கவே புடிக்காது. அந்த அரக்கு உனக்கு அவ்வளவு எடுப்பா இருந்துச்சுன்னு பாக்கறவங்கள்லாம் சொல்லிட்டிருக்காங்க. அன்னிக்கு அதப் பாக்காம என்னப் பாத்த ஒரே ஆளு இவருதான் போல."

அதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. உரித்த கதிரைக் கீழே வைத்துவிட்டு, சிரிப்பில்லாமல் கேட்டாள். "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. நான் எதிர்ல இல்லாதப்ப, அவருக்கு நான் இல்லாமயே போயிடுவேனா?"

நான் இந்தக் கேள்விக்கு எளிதாகப் பதில் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன். "உன் முகம் போயிடும்மா. அதை நான் மறைக்கல. பஸ் கெளம்பினதும் போயிடும்" என்றேன். "ஆனா நீ டிரைவருக்குக் காபி கேட்டது போகாது. இனிமே நீ என்ன சொல்றியோ, எதுக்குக் கோவப்படறியோ, எதப் பாத்தா பயப்படுவியோ, அதெல்லாம் போகாது. கூட்டத்துல நீ தொலைஞ்சா அவனால உன் அடையாளம் சொல்ல முடியாது. நீ எங்க போயிருப்பேன்னு சொல்லிடுவான்." ஆடிப்பெருக்குக் கதையையும், உன் அப்பா சொல்லிக்கொடுத்த சிக்னல் பழக்கத்தையும் சொன்னேன். என் முகத்தை அவர் கண்ணாடியில் பார்த்ததையும் சொன்னேன்.

அதற்கு அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் அவள் போனதும் உடனே வாய்விட்டுச் சொல்லி வைத்துக்கொண்டேன். "எங்க அண்ணன் சிங்கப்பூர்ல இருக்கான் அத்தை. அண்ணிகிட்ட போன்ல பேசறப்பல்லாம், நீ என் கண்ணுக்குள்ளயே இருக்கன்னு சொல்லுவான். சொல்லிச் சொல்லியே ரெண்டு வருஷமா ஊருக்கு வரல. நெனச்சுப் பாக்க முடியாதவரு நேர்ல வந்துதான பாத்தாகணும்? எனக்கு இது நஷ்டமான்னு யோசிச்சுப் பாத்தேன். அப்படித் தோணல." வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே திரும்பி, "ஆனா எனக்காகப் பாவம் பாத்து அவரே நிறுத்தறது மட்டும் வேணாம். நிறுத்தறதா இருந்தா அதையும் நேர்ல வந்து சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

எனவே கல்யாணத்தை நிறுத்தலாமா என்று நீ என்னிடம் கேட்டாயே, அது தப்பான இடம். கேட்க வேண்டியவள் சனிக்கிழமை அரை நாள் லீவு போடுகிறாள். மதியம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் வந்து நிற்கிற பக்கம் இருப்பாள். நீ வருவாய் என்று நான் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு நீ கோபித்துக்கொள்ளலாம். எனக்கு உன்மேல் இருக்கும் நம்பிக்கையில் சொன்னேன். அவளிடம் நீயாக எதையும் அழகாக்கிச் சொல்ல வேண்டாம். இருட்டு என்றால் இருட்டு என்றே சொல். அந்த இருட்டில் அவளைப் பற்றி உனக்கு என்னவெல்லாம் தெரியும் என்பதையும் சொல். அதைக் காரில் உன் மாமாவிடம் சொன்னாய், அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்து கண்ணை மூடுவாய். அவள் முகம் வராது. வழி முழுக்க வராது. அதற்காகப் பயந்து நடுவில் இறங்கிவிடாதே. சனிக்கிழமை மதியம் சத்திரத்தில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று உனக்குத் தெரியும். அத்தனை பேரில் அவளை நீ தேடக்கூட வேண்டியிருக்காது. பார்த்ததும் தெரிந்துவிடும்.

உன் அம்மா